மூய்கிராஸ் வீட்டின் பின்கதவு

ராதிகா போன வாரம் போன் எடுத்தாள். என்னோடு வேலை செய்த காலத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிப்பில்லாமல் விரிக்கத் தடுமாறிய பிள்ளை. இப்போது அதே முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்கே பொறுப்பு.

"அக்கா, புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு நாள் வந்து பேசுங்க. இப்ப எல்லாமே திரையிலதான் இருக்கு. உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"என்ரை காலமோ? நான் இன்னும் சாகேல்லையடி" என்றேன்.

"ஐயோ அக்கா, அப்படி இல்ல!" என்று சிரித்துச் சமாளித்தாள்.

பிளாக்டவுனுக்குப் போய்ப் பேசினேன். ஆளைத் தூக்குவது, புரட்டுவது, புண் வராமல் பார்ப்பது என்று தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் ஒரு பிள்ளை எழும்பி, "உங்களால மறக்க முடியாத ஆள் யாரு?" என்று கேட்டாள். நிறையப் பேர் என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பச்சைப் பொய். லிட்கம் வரும்வரை ரயிலில் மூட்லி என்ற கிழவர் ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே வாயில் வராததை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி, சிறுவர் விடுதியில் வேலை, பிறகு சண்டை, கொழும்பு, சிட்னி. இங்கே வந்தபோது என் சான்றிதழ் செல்லாது என்றார்கள். முதியோரைக் குளிப்பாட்டும் வேலையில் சேர்ந்து, வேலை முடிந்தபின் படித்து, மறுபடியும் தாதியானேன். அழுதேனா என்று கேட்டால், ஓம், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் தலைமைத் தாதி சிஸ்டர் ஜோன். செம்மறிப் பண்ணையில் பிறந்து வளர்ந்த நெடிய மெலிந்த வெள்ளைக்காரி. பணி மாறும் நேரத்தில் நாங்கள் கதிரைகளில் இருந்துகொண்டு விபரம் சொல்ல, அவர் மட்டும் நின்றுகொண்டே கேட்பார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. பாராட்டவும் மாட்டார். மனம் குளிர்ந்தால் தன் தகரப்பேணியைத் திறந்து ஒரு பிஸ்கட் நீட்டுவார். அதுதான் எங்களுக்குப் பதக்கம். ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிவிட்டு, பதில் சொல்ல முடியாதவர் உள்ளே கிடந்தாலும், சற்று நின்றுதான் உள்ளே போவார். எங்களில் யாராவது தட்டாமல் நுழைந்தால் கையைப் பிடித்து வெளியே இழுத்து, தட்டச் சொல்லுவார். எனக்கும் அது நடந்திருக்கிறது. ஆத்திரமாகத்தான் இருந்தது.

அவரிடம் ஒரு முறை இருந்தது. நினைவு தடுமாறிய ஒருவர் வந்து சேர்ந்த அன்றே குடும்பத்தை இருத்தி வைத்து, மருந்து மாத்திரைக்கு முன் வீட்டைப் பற்றிக் கேட்பார். கட்டிலில் எந்தப் பக்கத்தால் இறங்குவார்? இறங்கினால் கதவு எந்தக் கையில்? வெயில் எந்தச் சன்னலால் வரும்? பின்வாசல் எதைப் பார்த்தது? கேட்டு முடிய, தானே கட்டிலையும் அலுமாரியையும் தள்ளி, அந்த அறையை முடிந்தமட்டும் அந்த வீடாக்குவார். ஆளுக்கு மறந்ததைக் கால் மறக்காது என்பார். ஆரம்பத்தில் நான் "உதென்ன விசர் வேலை" என்று உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு, தினமும் கட்டிலை நனைத்துக்கொண்டிருந்த ஒரு கிரேக்கக் கிழவி, கட்டிலைச் சுவர்மாற்றிப் போட்ட நாளிலிருந்து தானே எழும்பிக் கழிவறைக்குப் போனாள். அதோடு என் சிரிப்பு நின்றது.

திரு. மூட்லி வந்த அன்று, "உன்ரை ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார், போய்க் கதை" என்று எல்லோருமாய் என்னைத் தள்ளிவிட்டார்கள். தென்னாபிரிக்கத் தமிழர். முதலி என்ற பெயர் கப்பலில் ஏறி அந்த ஊரில் இறங்கும்போது மூட்லி ஆகிவிட்டது. எண்பது தாண்டிய, சுத்தமாய்ச் சவரம் செய்த, சப்பாத்துக் கயிறு கட்டிய மனிதர்.

"வணக்கம் ஐயா, எப்பிடி இருக்கிறியள்?" என்றேன்.

அவர் வெட்கத்தோடு சிரித்து, நாங்கள் தமிழர்தான் சிஸ்டர், ஆனால் தமிழ் பேச வராது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பேச வராத தமிழ் என்ன தமிழ் என்று நினைத்துக்கொண்டு அவர் பெட்டியைத் திறந்தால், மேலே ஒரு முருகன் படம், பக்கத்தில் திருநீறு. அடுத்தநாள் காலை முகம் கழுவி, திருநீறு பூசாமல் தேநீரைத் தொடவில்லை. தேய்ந்து உருமாறிய ஒரு பதிகத்தை, அர்த்தம் தெரியாமல், சுதி மட்டும் பிசகாமல் முணுமுணுத்தார். வாயை மூடிக்கொண்டேன். இனி நான் எழுதப்போகும் பேச்செல்லாம் நடந்தது ஆங்கிலத்தில். ஆனால் என் காதில் அது என் ஊர்த் தமிழாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மகன் லோகன் கெல்லிவில்லில் இருந்தார். ஐம்பது வயதை எட்டிய, கணினி வேலை பார்க்கும் அமைதியான ஆள். தாய் அங்கேயே காலமாகிவிட்டார். தகப்பனை இவர்தான் இங்கே அழைத்துக்கொண்டு வந்தார். ஞாயிறு தவறாமல் சூடு காக்கும் போத்தலில் பருப்புச் சாறு கொண்டு வருவார். சிஸ்டர் ஜோன் வழக்கம்போல வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"டர்பனில இருந்து உள்நாட்டுக்கு ஏறிப்போற ரயில் பாதையில, பெரிய மலைத்தொடருக்கு இந்தப் பக்கம், மூய்கிராஸ் எண்டு ஒரு சின்ன ஊர். அழகான புல் எண்டு அர்த்தமாம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் லோகன். பிறகு தான் பிறந்து வளர்ந்த வீட்டை விபரித்தார்: மேட்டில் வரிசையாகக் கட்டிய சிறிய சீமெந்து வீடு, படுக்கையறைக் கதவு இடக்கையில், காலை வெயில் தலைமாட்டில். அதன்படி கட்டிலைப் போட்டோம். அலுமாரியை வலப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தோம்.

மூட்லி பகலில் தங்கம். சாப்பிடுவார், நன்றி சொல்லுவார், கிரிக்கெட் பார்ப்பார். மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கினால் ஆள் மாறிவிடுவார். எழும்பி நேரே அந்த வலப்பக்கச் சுவருக்குப் போவார். இரண்டு உள்ளங்கையாலும் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடுவார்.

"லொறி வந்திட்டுது. பிள்ளையை எடுக்க வேணும்."

"எந்தப் பிள்ளை, மிஸ்டர் மூட்லி?"

"முதல்ல முள்ளை எடுக்க வேணும். பிறகுதான் பிள்ளை. கதவைத் திற சிஸ்டர், லொறி நிக்காது!"

முள் என்றதும் நாங்கள் காலைப் பார்த்தோம். உள்ளங்கால், குதி, விரலிடுக்கு எல்லாம் வெளிச்சம் பிடித்துப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. செருப்பைக்கூட மாற்றினோம். அடுத்த மாலை மறுபடியும் அதே சுவர், அதே முள்.

லோகனிடம் கேட்டேன். "எனக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. நான் ஒரே பிள்ளை, அன்ரி. என்னைத்தான் தேடுறார் போல" என்றார். சரி, தகப்பனுக்கு மகன் சின்னப்பிள்ளையாக நினைவிருக்கிறது என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு மாலை அவர் சுவரில் குத்தத் தொடங்கினார். விரல்முட்டிகளில் இரத்தம். என்னால் பிடிக்க முடியவில்லை. சிஸ்டர் ஜோன் வந்தார், அவசரத்திலும் கதவைத் தட்டிவிட்டுத்தான். அவருடைய இரண்டு கைகளையும் தன் கைக்குள் எடுத்து, "பயப்படாதேங்கோ, மிஸ்டர் மூட்லி. பிள்ளையை நாங்கள் எடுத்துக்கொண்டு வந்திட்டம். நித்திரை கொள்ளுது" என்றார். இதில் புதுமை இல்லை. பிள்ளையைத் தேடும் எத்தனையோ தாய்மாரை இப்படிச் சொல்லித்தான் ஆற்றியிருக்கிறோம்.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்!

"ஆர் தோண்டினது?" என்றார். "ஆரைக் கேட்டுத் திறந்தனீங்கள்? அவள் பாத்தாளா? மனுசி பாத்தாளா?"

பிறகு நிலத்தில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் பயந்து அழத் தொடங்கினார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்திலும் பெரியவர்களைத்தான் எரிப்பது. சின்னப் பிள்ளைகளைப் புதைப்போம். நாய் நரி கிளறாமல் மேலே முள்ளு வெட்டிப் போடுவோம். சிறுவர் விடுதியில் வேலை செய்த எனக்கு இது தெரியாததா? எத்தனை தகப்பன்மார் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவள் நான். "சிஸ்டர், அவர் தேடுறது உயிரோடை இருக்கிற பிள்ளையை இல்லை. அது ஒரு குழி" என்றேன்.

சிஸ்டர் ஜோன் அப்படியே அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான். "எனக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லிப்போட்டன். ஒருத்தரும் ஒண்டையும் திறக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் அலறல் அடங்கும்வரை திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எழும்பும்போது என்னிடம், "காலமையில அவருக்குத் தெளிவு இருக்கும். பிள்ளையைப் பற்றிக் கேக்காதை. வீட்டைப் பற்றிக் கேள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் கேட்டேன். காலைத் தேநீரோடு அவர் பக்கத்தில் இருந்து, "மூய்கிராஸில உங்கட வீடு எங்கை?" என்றேன்.

"எந்த வீடு?" என்று திருப்பிக் கேட்டார். "முதல் வீடோ, அவங்கள் தந்த வீடோ?"

பிழை அங்கேதான். லோகனுக்குத் தெரிந்தது இரண்டாவது வீடு. தகப்பனின் கால்கள் முதலாவது வீட்டில் நடந்துகொண்டிருந்தன. இடம்பெயர்ந்தவர்களின் வீட்டை விசாரிக்கும்போது எந்த வீடு என்று முதலில் கேட்க வேண்டும். ஊர் ஊராய் இடம்பெயர்ந்து வந்த எனக்கே அது தோன்றவில்லை, பாருங்கோ.

தேநீர்க் கரண்டியை மேசையில் நீளமாய் வைத்தார். அது ரயில் பாதை. கோப்பை, தண்ணீர்த் தாங்கி. கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் நிலக்கரி ரயில்கள் தண்ணீர் குடிக்க நின்ற இடம்தான் ஊராயிற்று. மேலே தேவாலயத்தடியில் வெள்ளைக்காரர் தெரு. ஓடைக்கு அந்தக் கரையில் சூலு இனக் கறுப்பர்கள். பாதைக்கு இந்தப் பக்கம், சீனிப் பொட்டலங்களை அடுக்கிக் காட்டினார், எங்கடை தெரு. அவருடைய தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து அங்கே வந்து, ஓடைக்கரையில் கத்தரியும் கீரையும் போட்டு, ரயில் சன்னல்களில் விற்றவர். தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில் ஒன்று இருந்தது. ஆடியில் கூழ் காய்ச்சுவார்கள். மாலையில் தமிழ் சொல்லித்தர ஒரு வாத்தியார் இருந்தார். அவர் செத்தபின் வேறு யாரும் வரவில்லை. பேச்சு அதோடு போயிற்று.

"எங்கடை பின்கதவு ரயில் பாதையைப் பாத்தது. பாதைக்கு அங்காலை இடுகாடு. ஓடைப்பக்கம், கடைசி வரிசை, சின்னவைக்கு. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கல்லு. பேர் எழுதுறேல்லை."

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ருக்மணி. மூன்று வயது. தொண்டை நோய். வேலமரக் கொப்பு வெட்டி அவரே மேலே போட்டார். அடுத்த வருசம் அந்தத் தெரு இனி வெள்ளையருக்கு என்று அரசாங்கம் அறிவித்தது. இந்தியர் எல்லாம் ஊருக்கு வெளியே மொட்டை மேட்டுக்குப் போக வேண்டும். சில குடும்பங்கள் தங்கள் இறந்தவர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அவரும் மண்வெட்டியோடு வெளிக்கிட்டார்.

"மனுசி வாசல்ல நிண்டாள். நான் ஒருக்கா அவளின்ரை கண்ணை மூடிவிட்டனான், இன்னொருக்கா என்னால ஏலாது எண்டாள். மண்வெட்டியை வைச்சிட்டன்."

போகிற மாலை, முள்ளை எடுத்து, துப்புரவாக்கி, மகளிடம் சொல்லிவிட்டு வருவதற்குப் பின்கதவால் இறங்கினாராம். லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். இன்னும் இரண்டு வீட்டுச் சாமான் ஏற்ற வேண்டும் என்று கத்தினான். பாதையைக் கடக்காமல் திரும்பிவிட்டார்.

"சொல்லாமலே போயிட்டம், சிஸ்டர்" என்றார்.

பிறகு அந்தப் பக்கம் ரயில்வேக்காரர் வேலி போட்டார்கள். நெடுங்காலம் இவர்கள் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் விட்டார்கள். "அப்ப எனக்குத்தான் முகம் இருக்கேல்லை" என்றார். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. நிலக்கரி எஞ்சின்கள் ஒழிந்தன. தண்ணீர் குடிக்க ரயில் நிற்க வேண்டிய தேவை இல்லை. ஊரும் வற்றிப்போயிற்று. அவர் கரண்டியை எடுத்துத் தேநீரைக் கலக்கினார்.

அன்றைக்கே சிஸ்டர் ஜோனும் நானும் அறையை மாற்றினோம். அலுமாரியைத் தூக்கி மறுபக்கம் வைத்து, கட்டிலைச் சுழற்றி, உண்மையான கதவு அந்தப் பின்கதவு இருந்த பக்கம் வரும்படி செய்தோம். மாலை எழும்பினார். கதவு திறந்தது. நடைக்கூடத்தால் தோட்டம்வரை போய், கொஞ்சம் நின்று, தானே திரும்பி வந்து படுத்தார். சுவரில் குத்தியது அத்தோடு நின்றது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நிற்கவில்லை. "அவள் அங்கை இருக்கிறாளா?" இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். சிஸ்டர் ஜோன் விடவில்லை. தெரியாததை இன்னொரு தரம் சொல்ல மாட்டோம் என்றார்.

லோகனிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிறு, கார் நிறுத்துமிடத்தில், சாறுப் போத்தல் அவர் கையில் இருக்க, உங்களுக்கு முன் ஒரு பிள்ளை இருந்தது என்றேன். அவர் போத்தலைக் காரின் மேல் வைத்தார்.

"அம்மா என்னை ஒரு நாளும் ஓடைப்பக்கம் விளையாட விடேல்லை. ஆளே இல்லாத இடத்துக்கு ஏன் பயப்பிடுறா எண்டு நினைக்கிறனான்." சட்டென்று குரல் ஏறியது. "ஐம்பது வருசம் எனக்குச் சொல்லாததை உங்களுக்கு ஏன் சொன்னவர்? நீங்கள் ஆர்?"

"நான் ஆருமில்லை, தம்பி. அதாலதான் சொன்னவர்."

அவர் காருக்குள் இருந்து அழுதார். நான் சாறு ஆறமுதல் உள்ளே கொண்டுபோனேன்.

சில கிழமைகளில் மூட்லிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருந்து பிடிக்கவில்லை. இனி அதிக நாள் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். லோகன் என்னிடமும் சிஸ்டர் ஜோனிடமும் மாறி மாறிக் கேட்டார்: பக்கத்தில் இருக்கிறதா, போய்ப் பார்த்துவிட்டு வருகிறதா? நாங்கள் என்ன சொல்வது? எந்தப் பக்கம் சொன்னாலும் பாவம். கடைசியில் தகப்பனிடமே குனிந்து கேட்டார்.

"அப்பா, நான் மூய்கிராஸ் போகட்டா?"

கிழவர் கண்ணைத் திறந்து மகனை நன்றாகப் பார்த்தார்.

"திறக்காதை. சும்மா பார். பாத்திட்டு எனக்குச் சொல்லு."

அதற்குப் பிறகு லோகன் தயங்கவில்லை. அன்றே வெளிக்கிட்டார். நான் விடுமுறை நாளிலும் போய்க் கிழவர் பக்கத்தில் இருந்தேன். "மகன் அங்கை போயிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். சில நேரம் தலை அசையும். சில நேரம் அசையாது. கடவுளே, கொஞ்சம் பொறு, இந்த ஒரு செய்தி வரட்டும் என்று வேண்டினேன். வேண்டி என்ன!

ஒரு பின்னேரம், நானும் சிஸ்டர் ஜோனும் அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம். ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்குக் காத்திருந்தோம். வரவில்லை. சிஸ்டர் ஜோன் தன் முறைப்படி எல்லாம் செய்தார். சன்னலைத் திறந்தார். கண்ணை மூடிவிட்டார். இளஞ்சூட்டுத் தண்ணீரில், செய்யப்போவதை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிச் சொல்லி, முகம் துடைத்தார். தலை வாரினார். நான் திருநீறு பூசினேன். லோகனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே என் சட்டைப்பையில் போன் அடித்தது. அங்கே காலை.

"அன்ரி, நான் வந்திட்டன், இஞ்சைதான் நிக்கிறன்" என்று மூச்சு வாங்க ஒரே பிடியாகச் சொன்னார். "கெதியா அப்பாட்டைக் குடுங்கோ. காதில வையுங்கோ."

நான் சிஸ்டர் ஜோனைப் பார்த்தேன். அவர் துவாயை மடித்தார். ஒலியைக் கூட்டிப் போனைக் கிழவரின் காதடியில் வைத்தேன்.

"அப்பா, லோகன். கேக்குதா? வேலியெல்லாம் விழுந்து கிடக்கு. புல்லு ஆளுயரம். வெட்டிக்கொண்டு உள்ளை போனன். கடைசி வரிசை அப்பிடியே இருக்கு, அப்பா. ஒருத்தரும் தோண்டேல்லை. ஒருத்தரும் தொடேல்லை. வெள்ளைக் கல்லுகள் நிறைய இருக்கு. எது அக்காவின்ரை எண்டு எனக்குத் தெரியேல்லை. அதால எல்லாத்துக்கும் பால் ஊத்தினன். எல்லாத்திட்டையும் சொன்னன், அப்பா அனுப்பினவர் எண்டு, அண்டைக்குச் சொல்லாமல் போனதுக்கு மனம் நொந்து கிடக்கிறார் எண்டு. அப்பா?"

காற்று இரைந்தது. எங்கோ ஒரு குருவி கத்தியது.

"அன்ரி, அப்பா ஒண்டும் சொல்லேல்லையே?"

"தம்பி, அப்பா போயிட்டார். நீங்கள் போன் எடுக்க முந்தி."

அவர் புல்லுக்குள் குந்தும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் ஆருக்குச் சொன்னனான்?" என்றார்.

"அப்பாவுக்குத்தான் சொன்னீங்கள்" என்றேன். போனை நான் இன்னும் அவருடைய காதடியிலிருந்து எடுக்கவில்லை.